இரண்டே கால் வயது மகனுக்கு முதல் ஸ்பீச் தெரபி: என்ன தயார் செய்துகொண்டு போவது?

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு அம்மா, தாத்தா, மாமு என்று பத்துப் பதினைந்து சொற்கள்தான் வருகின்றன. இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவது இன்னும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்துக்கு முன்னால் நிறுத்துவான். ஆனால் நாம் சொல்வது புரிகிறது. "அப்பா செருப்பை எடுத்துட்டு வா" என்றால் சரியாக அதையே தூக்கிக்கொண்டு வருவான்.

டாக்டர் சொன்னபடி முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கும் பெரா (BERA) டெஸ்ட் எடுத்தோம், நார்மல். அடுத்த வாரம் தெரபிஸ்ட்டைப் பார்க்கிறோம். "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். எனக்குக் காத்திருக்க மனசில்லை.

சொல்லும் சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். புது ஆளைப் பார்த்தால் வாயே திறக்க மாட்டான் என்பதால், வீட்டில் விளையாடும்போது போனில் வீடியோவும் எடுத்திருக்கிறேன். வேறென்ன கேட்பார்கள்? டெஸ்ட் ரிப்போர்ட்டோடு பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டுமா? அவனுடைய பொம்மை லாரியைக் கொண்டுபோகலாமா? அப்புறம், கிடைத்திருப்பது மதியம் இரண்டு மணி, அவன் தூங்கி வழியும் நேரம். காலைக்கு மாற்றிக் கேட்கலாமா, இல்லை கிடைத்ததை விடாமல் போய்விடுவதா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.