பேஸ்பால் பவுலர் உகேத் உர்பினா: 237 சேவ் (அணியோட முன்னிலையைக் கடைசி வரை காப்பாத்தின கணக்கு), அப்புறம் சிறை. விவரம் சரியா?

வியாசர்பாடி: அண்ணே, முல்லை நகர் பசங்களுக்கு வினாடி வினா வைக்கிறோம். உர்பினா எத்தனை அணிக்கு ஆடினார்? ‘சேவ்’ எப்படிக் கணக்கு? வழக்கு என்ன?

ராயபுரம்: ஆறு அணி தம்பி. மான்ட்ரியல், பாஸ்டன், டெக்சாஸ், ஃபுளோரிடா, டெட்ராய்ட், பிலடெல்பியா. 2003 நடுவில் டெக்சாஸ் அவரை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்து ஏட்ரியன் கொன்சாலஸ் உட்பட மூணு இளம் வீரர்களை வாங்கினது. அந்த வருஷமே ஃபுளோரிடா வேர்ல்ட் சீரிஸ் கோப்பை அடிச்சது.

சேவ்ல தான் பசங்க குழம்புவாங்க. ஜெயிக்கிற அணிக்குக் கடைசியா பந்து போடுறவரா இருக்கணும், வெற்றிக் கணக்கு அவர் பேரில் ஏறக்கூடாது. அவர் உள்ளே வரும்போது முன்னிலை 3 ரன்னுக்கு மேல போகாம, ஒரு முழு இன்னிங்ஸ் (பேஸ்பால்ல ஒரு அணிக்கு மூணு அவுட்) போட்டா சேவ். 4 ரன் முன்னிலையில் வந்து ஒரு இன்னிங்ஸ் மட்டும் போட்டா, பெரும்பாலும் கிடையாது. நம்ம டெத் ஓவர் பவுலர் மாதிரின்னு சொல்லுங்க, உடனே புரியும். 1999-ல் 41 சேவ், நேஷனல் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலோட ரெண்டு பெரிய லீக்கில் ஒண்ணு) அவர்தான் முதல்.

தண்டையார்பேட்டை: வழக்கைக் கவனமா எழுதுங்க. 2005 அக்டோபர்ல வெனிசுவேலாவில் அவர் பண்ணையில் வேலையாட்களை வெட்டி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தப் பார்த்ததா குற்றச்சாட்டு. தூங்கிட்டு இருந்தேன்னு மறுத்தார். 2007-ல் கொலை முயற்சிக்கு 14 வருஷத்துக்கு மேல் தண்டனை, 2012-ல் விடுதலை. ‘கொலை வழக்கு’ன்னு போட்டுடாதீங்க, அது தப்பு. அடிபட்ட தொழிலாளிங்களையும் ஒரு வரி சொல்லுங்க, அவங்க கதையும் அதுதானே.

வியாசர்பாடி: ‘முயற்சி’ன்னு திருத்திட்டேன் அண்ணே.