ஜிக் வைத்து வெட்டியும் கிட்டார் கழுத்து 5 மில்லிமீட்டர் உயரமாகப் போகிறது. எங்கே பிழை?

மாடிவீட்டுத் தச்சன் (வெள்ளவத்தை)

வணக்கம். இது நான் செய்யும் மூன்றாவது அக்கூஸ்டிக் கிட்டார். முதல் இரண்டுக்கும் கழுத்தையும் உடம்பையும் சேர்க்கிற இடத்தை உளியால்தான் வெட்டினேன். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரன்ட் வெட்டிய காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை, மெழுகுதிரி வெளிச்சத்தில் வெட்டிய கழுத்து எப்படி வருமோ அப்படித்தான் வந்தது. இரண்டுமே இப்போது சுவரில் தொங்குகின்றன.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு ஜிக் (வெட்டுக் கருவி விலகாமல் ஓடப் பிடித்து வைக்கும் சட்டம்) கட்டினேன். 18 மி.மீ ஒட்டுப்பலகையில் ஒரு நிமிர்ந்த பலகை, அதன் தலையில் படுக்கையாக ஒரு தட்டு, தட்டில் ரவுட்டர் (பள்ளம் குடையும் மின்கருவி) ஓட ஒரு பிளவு. கிட்டார் உடம்பை நிமிர்த்தி வைத்துக் கிளாம்ப் போட்டால் நெக் பிளாக் (கழுத்தைப் பிடிக்கும் உள் கட்டை) தட்டுக்குக் கீழே வந்து நிற்கும். ரவுட்டரில் 12 மி.மீ பிட், பிட்டைச் சுற்றிப் பிளவின் விளிம்பை உரசி ஓடும் 16 மி.மீ வழிகாட்டிப் புஷ். பிளவு 23 மி.மீ, அதனால் பள்ளம் 19 மி.மீ வந்தது. அந்தப் பள்ளத்துக்குள் போகிற கழுத்தின் நாக்குக்கு 15 மி.மீ அகல டெம்ப்ளேட், அதுவும் 19. மணல்தாள் மூன்று இழுப்பு இழுத்ததும் கையால் தள்ளினால் உள்ளே போகிற இறுக்கம். அந்தப் பகுதியில் எனக்குக் குறையே இல்லை. சேர்ப்பது இரண்டு எம்6 போல்ட், பசை கிடையாது.

பிரச்சினை கோணத்தில். வரைபடத்தில் 1.5 பாகை என்று இருந்தது. பள்ளத்தை மேல்பலகைக்கு நேர் செங்குத்தாக வெட்டினேன். கழுத்தை வெட்டும்போது மட்டும் பின்னால் 300 மி.மீ நீளத்துக்கு 8 மி.மீ ஆப்பு வைத்துச் சாய்த்தேன். கணக்குச் சரி, 1.5 பாகை வரும். போல்ட்டை முறுக்கிவிட்டு, ஃப்ரெட்களின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேல் ஒரு மீற்றர் அலுமினியப் பட்டையை வைத்துப் பார்த்தால் பட்டை, மேல்பலகையில் கம்பிகள் பூட்டும் பிரிட்ஜின் உச்சிக்கு 5 மி.மீ மேலே போகிறது. உச்சியை உரசிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சவுண்ட்ஹோல் பக்கம் ஃபிங்கர்போர்டின் (ஃப்ரெட் பதித்த, விரல் அழுத்தும் பலகை) நுனியும் 2 மி.மீக்குக் கொஞ்சம் மேலாகத் தூக்கி நிற்கிறது.

இன்னொன்று, கழுத்தின் நடுக்கோட்டை நீட்டினால் பிரிட்ஜில் 2 மி.மீ முதலாம் கம்பிப் பக்கம் போகிறது. வெட்டும்போது கடலோரப் பாதையில் ரயில் போனால் நிறுத்திவிட்டுத்தான் வெட்டினேன் (சிரிக்க வேண்டாம், நாலாம் மாடி, மேசையில் தேத்தண்ணிக் கோப்பை ஆடும்). ஆகவே அதிர்வு இல்லை.

ஜிக்கில் பிழையா, என்னில் பிழையா?

பழுதுபார்ப்பவன் (கொட்டாஞ்சேனை)

தம்பி, படம் வேண்டாம், மூன்று விஷயம் சொல்லுங்கள். கம்பி நீளம் எவ்வளவு? ஃபிங்கர்போர்டும் ஃப்ரெட்டும் சேர்ந்து மேல்பலகைக்கு மேலே எவ்வளவு, பிரிட்ஜ் தடிப்பு எவ்வளவு? மூன்றாவதுதான் முக்கியம்: மேல்பலகைக்குக் கீழே ஒட்டிய பிரேஸ்களை வளைத்துச் சீவினீர்களா, நேராக விட்டீர்களா?

மாடிவீட்டுத் தச்சன்

கம்பி நீளம் 645 மி.மீ, 14ஆம் ஃப்ரெட்டில் உடம்பு. ஃபிங்கர்போர்ட் 6, ஃப்ரெட் 1. பிரிட்ஜ் 9.5 மி.மீ, இன்னும் ஒட்டவில்லை, இடத்தில் வைத்துத்தான் அளந்தேன். ஹீலின் (கழுத்து உடம்பில் முட்டும் தடித்த அடிப்பகுதி) ஆழம் 90 மி.மீ. பிரேஸ் எல்லாம் நேர். வளைந்த குழித்தட்டு செய்யும் வசதி இல்லை, தட்டையான எம்.டி.எஃப் பலகையில் வைத்துத்தான் ஒட்டினேன். அதுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

மொரட்டுவைக்காரன்

நான் தளபாடம் செய்கிறவன், கிட்டார் அல்ல. ஆனாலும் ஒன்று சொல்லுகிறேன்: ஜிக்கை எறியுங்கள். புறாவால் மூட்டை (புறா வால் போல விரிந்து பூட்டிக்கொள்வது) உளியால் வெட்டுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய பாஸ்மார் அலுமாரி லாச்சிக்கு நாளுக்கு எத்தனை வெட்டுவார்கள் தெரியுமா? போல்ட் போட்டுக் கட்டுவது கட்டில் காலுக்குத்தான் சரி.

ரவுட்டர்தான் வேண்டும் என்றால் நாக்கின் தோளை (நாக்குக்கு இரு பக்கமும் உடம்பில் முட்டும் முகம்) வெட்டும்போது வெளியேறும் பக்கத்தில் ஒரு கழிவுத் துண்டை இறுக்கி வையுங்கள். மஹோகனியின் குறுக்கு நார் விளிம்பில் பிய்த்துக்கொண்டு போகும். ஒரு தடவைக்கு 3 மி.மீக்கு மேல் இறக்க வேண்டாம்.

பழுதுபார்ப்பவன் (கொட்டாஞ்சேனை)

மொரட்டுவை அண்ணா சொன்ன கழிவுத் துண்டு நூற்றுக்கு நூறு சரி. மற்றதில் நான் சண்டைக்கு வருகிறேன். லாச்சியின் மூட்டைப் பத்து வருடத்தில் ஒருவரும் கழற்றுவதில்லை. கிட்டார் கழுத்தைக் கழற்றத்தான் வேண்டி வரும், கம்பியின் இழுவையில் உடம்பு மெதுவாக மடங்கும். மார்ட்டின் கிட்டார்களின் ஒட்டிய புறாவால் மூட்டை ஆவி பிடித்துக் கழற்றுவது அரை நாள் வேலை. கொழும்பு ஈரத்தில் அதற்குப் பிறகு காயவிட இன்னும் நாட்கள். போல்ட் என்றால் அலன் சாவி ஒன்று, பத்து நிமிடம். டெய்லர் கம்பனி 1999இல் கொண்டுவந்த கழுத்தில் போல்ட்டுக்குப் பக்கத்தில் வெவ்வேறு கோணத்தில் சீவிய சின்னத் தகடுகளை மாற்றிக் கோணத்தைத் திருத்துகிறார்கள். அதைக் கட்டில் கால் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இனி தம்பியின் விஷயம். உங்கள் ஜிக் நல்ல ஜிக். நீங்கள் சொன்னதை அப்படியே வெட்டியிருக்கிறது. நீங்கள் சொன்னதுதான் வேறு கிட்டாருக்கான அளவு.

கணக்கைப் பாருங்கள். 645இல் 14ஆம் ஃப்ரெட்டிலிருந்து சாடிலுக்கு (பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் எலும்புத் துண்டு) 287 மி.மீ. உடம்பின் விளிம்பில் ஃப்ரெட்டின் தலை மேல்பலகைக்கு 7 மி.மீ உயரத்தில் இருக்கிறது. 1.5 பாகை சாய்த்தால் அந்த 287இல் 7.5 ஏறும். ஆக 14.5. பிரிட்ஜ் 9.5. மிச்சம் உங்கள் 5 மி.மீ, மயிரிழை பிசகாமல் வந்திருக்கிறது! ஃபிங்கர்போர்ட் நுனி தூக்குவதும் இதே கோணம்தான்: உடம்பின் மேல் கிடக்கும் 90 மி.மீக்கு 2.4 மி.மீ.

அப்படியென்றால் வரைபடம் பொய்யா? இல்லை. வரைந்தவர் மேல்பலகையைக் கவிந்த சட்டி மாதிரி, 25 அடி ஆரையில் வளைத்திருப்பார். அந்த வளைவில் கழுத்துப் பக்கம் பிரிட்ஜ் இருக்கும் இடத்தைவிட ஏறக்குறைய 5.4 மி.மீ தாழ்ந்திருக்கும். 14.5இல் 5.4 போனால் 9.1. பிரிட்ஜின் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? அந்த 1.5 வளைந்த பலகைக்கு உரியது. உங்களுடையது தட்டை. ஜாதகத்தை மாற்றிப் பொருத்தம் பார்த்த கதை.

என்னிடம் திருத்த வருகிற வீட்டுக் கிட்டார்களில் பாதி இப்படித்தான். பாகையை வைத்து ஜிக் கட்டுகிறார்கள். நான் ஜிக்கில் பாகை குறிப்பதே இல்லை. உடம்பு மூடிய பிறகு, ஒரு வாரம் அறையில் கிடந்த பிறகு, பிரிட்ஜ் இடத்தில் பிரிட்ஜின் தடிப்பும் 1 மி.மீயும் உயரமான ஒரு கட்டை வைப்பேன். கழுத்து விளிம்பில் ஃபிங்கர்போர்டும் ஃப்ரெட்டும் சேர்ந்த உயரத்தில் இன்னொரு கட்டை. இரண்டின் மேலும் பட்டையைப் போட்டால் அந்தக் கோடுதான் கழுத்து. ஆப்பின் தடிப்பை அதிலிருந்து எடுப்பேன். அந்த 1 மி.மீ எதற்கு என்றால், கம்பி பூட்டியதும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை கொஞ்சம் வயிறு தள்ளும், பிரிட்ஜும் கூடவே எழும்பும்.

வெட்டியதைத் திருத்தலாம், கழுத்தை எறிய வேண்டாம். இப்போது கோடு 5 மி.மீ மேலே, வேண்டியது 1. நாலைக் குறைக்க வேண்டும். 4ஐ 287ஆல் வகுத்து ஹீலின் ஆழம் 90ஆல் பெருக்கினால் 1.25. அதாவது ஹீலின் தோளில் மேல்பலகைப் பக்கம் 1.25 மி.மீ, ஹீலின் அடியில் பூச்சியம், இடையில் சரிவாக எடுக்க வேண்டும். ஜிக்கில் ஆப்பை 8இலிருந்து 3.7 ஆக்கி ஒரு மெல்லிய வெட்டு வெட்டினால் வந்துவிடும். நாக்கின் முனை பள்ளத்தின் அடியில் முட்டாமல் 2 மி.மீயாவது இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முட்டினால் தோள் மூடாது, நீங்கள் போல்ட்டை முறுக்கி முறுக்கி மரத்தை நசுக்குவீர்கள்.

கழுத்து 1.25 மி.மீ உள்ளே வருவதால் பிரிட்ஜும் அவ்வளவு பின்னால் போக வேண்டும். ஒட்டாமல் விட்டது உங்கள் புண்ணியம். ஃபிங்கர்போர்ட் நுனியில் பிறகும் 1 மி.மீ போல இடைவெளி இருக்கும், அதற்கு மஹோகனியில் ஒரு மெல்லிய ஆப்பு சீவி ஒட்டுங்கள். அமுக்கி ஒட்டினால் 14ஆம் ஃப்ரெட்டுக்குப் பிறகு ஃபிங்கர்போர்ட் முறிந்து கீழே விழுந்த மாதிரி இருக்கும்.

நடுக்கோடு 2 மி.மீ விலகியது பெரிய விஷயமல்ல. ஹீல் அகலம் 55 மி.மீ என்று வைத்தால் ஒரு பக்கத் தோளில் 0.4 மி.மீதான். அதை ரவுட்டரால் செய்ய வேண்டாம். 120 மணல்தாளை ஒரு அங்குல நாடாவாக வெட்டி, கரடு தோளைப் பார்க்கும்படி ஹீலுக்கும் உடம்புக்கும் நடுவே வைத்து, கழுத்தை அமுக்கிக்கொண்டு இழுங்கள். முதலாம் கம்பிப் பக்கம் கோடு போகிறது என்றால் அதே முதலாம் கம்பிப் பக்கத் தோளில் இழுக்க வேண்டும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை அளவு பாருங்கள்.

விலகியதற்குக் காரணம், உடம்பின் விலாவை ஜிக்கில் முட்டவைத்து நடுவைப் பிடித்திருப்பீர்கள். கையால் வளைத்த விலா இரண்டும் ஒன்றுபோல இருக்கவே இருக்காது. மேல்பலகையின் நடு ஒட்டைத்தான் நம்ப வேண்டும். தட்டின் நடுவில் ஒரு கோடு கீறி ஒட்டோடு பொருத்துங்கள்.

மாடிவீட்டுத் தச்சன்

விலாவைத்தான் முட்டவைத்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணா!

விலாவும் முதுகும் பலா. வத்தளையில் ஒரு பழைய வீட்டை உடைத்தபோது கிடைத்த கதவு. புதுப் பலா மரம் தறிக்க அனுமதிப் பத்திரம் வேண்டும், கதவுக்கு ஒன்றும் வேண்டாம். வீணைக்கு ஆகிற மரம் கிட்டாருக்கு ஆகாதா என்றுதான் எடுத்தேன். ஆனால் வளைக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் அடம்பிடித்தது.

பனிக்குள் ஒரு யாழ்ப்பாணத்தான் (டொரொன்டோ)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கிட்டார் கொழும்பிலேயே இருக்கப் போகிறதா?

மாடிவீட்டுத் தச்சன்

இல்லை, அதுதான் கதை. மேல்பலகை ஸ்புரூஸைப் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தது டொரொன்டோ மச்சாள். கிட்டாரும் அவளுக்குத்தான். மார்கழியில் வருகிறாள்.

பனிக்குள் ஒரு யாழ்ப்பாணத்தான்

பயந்தேன், அதுதான். வெள்ளவத்தையில் கடல் காற்றுக்கு ஈரப்பதம் 75, 80 என்று நிற்கும். இங்கே மாரியில் ஹீட்டர் போட்ட அறையில் 30க்கும் கீழே போகும். ஈரத்தில் ஒட்டிய தட்டைப் பலகை இங்கே வந்ததும் சுருங்கிக் குழியும். வளைந்த பலகைக்குச் சுருங்க இடம் உண்டு, தட்டைக்கு இல்லை, வெடிக்கும். அடுத்த கிட்டாருக்கு ஏசி அறையில் இரண்டு வாரம் கிடத்திவிட்டு, ஏசி ஓட ஓட பிரேஸ் ஒட்டுங்கள்.

இது மூடியாகிவிட்டது. மச்சாளிடம் பெட்டியை விட்டு வெளியே வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டை போட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு ஒன்று வைத்தால் மாரி போய்விடும். பலகை குழிந்தால் பிரிட்ஜும் இறங்கும், கம்பி ஃப்ரெட்டில் இரையும். அதனால் சாடில் இரண்டு செய்து அனுப்புங்கள், கோடைக்கு ஒன்று, மாரிக்கு அரை மி.மீ உயரமாக ஒன்று. கழுத்தை ஒட்டாமல் போல்ட்டில் விட்டது நல்ல காரியம், இங்கே யாராவது கழற்றித் திருத்தலாம்.

மொரட்டுவைக்காரன்

சரி, போல்ட் விஷயத்தில் தோற்றேன். ஆனால் போல்ட் பிடிக்கிற நட்டை நாக்கின் குறுக்கு நாரில் திருகி வைத்தீர்களா? அது ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். நாக்குக்குக் குறுக்கே துளைத்து உருளை நட் போடுங்கள். கட்டில் காலுக்கு நாங்கள் போடுவது அதுதான். பழைய சோனகத் தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

மாடிவீட்டுத் தச்சன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். ஆப்பை 3.7 ஆக்கி ஒரே வெட்டு, கழிவுத் துண்டு வைத்ததால் விளிம்பு பிய்யவில்லை. நாக்கு முட்டுகிறதா என்று பார்த்தது நல்லதாய்ப் போயிற்று, அரை மி.மீதான் இடைவெளி இருந்தது. முனையைச் சீவிவிட்டேன். மணல்தாள் எண்ணி இருபத்திரண்டு இழுப்பு. இப்போது பட்டை பிரிட்ஜுக்கு 0.8 மேலே, நடுக்கோடு கண்ணுக்குத் தெரிய விலகவில்லை. உருளை நட்டும் வாங்கியாயிற்று, கட்டில் கால் என்று சொன்னால் கடைக்காரருக்கு உடனே விளங்குகிறது.

சாடிலுக்கு மாட்டெலும்பு வாங்கி வந்து கொழுப்புப் போக அவித்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக்குள் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டாவது சாடிலை நண்பன் வீட்டில்தான் செய்ய வேண்டும்.