பலாலி – சென்னை: 355 கிலோமீற்றருக்கு ஏன் ஒன்றேகால் மணித்தியாலம்?

கேள்வி – நல்லூர் வாசகி

வணக்கம். முதுகு வலியால் நெடுநேரம் அமர்ந்திருக்க இயலாத என் தாயாரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். தூரம் கணிக்கும் இணையத்தளம் ஒன்று ஏறத்தாழ 355 கிலோமீற்றர் என்றும், பறக்கும் நேரம் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு என்றும் காட்டுகிறது. விமானச் சீட்டிலோ புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் இடையில் ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் கடிகார வேறுபாடும் காரணமாகாது. எதை நம்பி ஆயத்தம் செய்வது? திருச்சிக்குச் சென்றால் நேரம் பாதியாகக் குறையுமா?

பதில் – வலிகாமத்தான்

தூரம் சரியானதே. பலாலியும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கமும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், 80 பாகைக்கு அருகில் இருப்பதால், அதை நீங்களே கணித்துப் பார்க்கலாம்: அகலக்கோட்டு வேறுபாடு 3.2 பாகை, ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். தவறு நேரத்தில்தான் இருக்கிறது. அத்தகைய தளங்கள் பெரும்பாலும் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் ஜெட் விமானத்தின் வேகத்தால் தூரத்தை வகுத்துவிடுகின்றன. பலாலிக்கு வருவது சுழல்விசிறி பொருத்திய ஏடிஆர் 72. அது உயரத்தை எட்டிய பிறகும் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். ஆகவே நேர்கோட்டில் முழு வேகத்தில் சென்றாலும் 43 நிமிடம் ஆகும். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. சென்னையில் ஓடுபாதைக்கு நேராக வருவதற்குச் சுற்றி வரவும், இறங்கிய பின் தரிப்பிடம் வரை ஊர்ந்து செல்லவும் நேரம் வேண்டும். சீட்டில் உள்ள நேரம், விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் கணம் முதல் மறுமுனையில் நிற்கும் கணம் வரை இவை அனைத்தையும் உள்ளடக்கியது. சீட்டையே நம்புங்கள்.

பதில் – கரையோரன்

திருச்சிச் சேவை 2025 மார்ச் இறுதியில் தொடங்கியது. நேர்த்தூரம் ஏறக்குறைய 185 கிலோமீற்றர், அதாவது சென்னைத் தூரத்தில் பாதியளவு. ஆனால் மேலேறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஓடுவதற்கும் செல்லும் நேரம் தூரத்தோடு சேர்ந்து குறைவதில்லை என்பதால், பயணம் ஒரு மணித்தியாலத்தை ஒட்டியே அமையும். சென்னைக்குத்தான் போக வேண்டுமென்றால் இதனால் பயனில்லை.

பதில் – வலிகாமத்தான்

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படுவதற்கு முன்னர், சென்னை செல்ல வேண்டிய நம்மவர்கள் விமானம் ஏறுவதற்காகவே நெடுந்தூரம் தெற்கே பயணித்துக் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தை அடைந்தனர். அங்கிருந்து சென்னைக்கு நேர்கோடு வரைந்து பாருங்கள்; சுமார் 645 கிலோமீற்றர் நீளும் அக்கோடு பலாலிக்கு மிக அருகாகவே செல்கிறது. முதியவர்களை அப்படி அலைக்கழித்த காலத்தை நினைத்தால், இந்த ஒன்றேகால் மணித்தியாலம் பெரும் ஆறுதல்.

உங்கள் தாயாருக்கு வழியோர இருக்கையைக் கேளுங்கள். ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவால் என்பதால், பின்வரிசையானால் நடை குறையும். படி ஏற வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி உதவியைச் சீட்டுப் பதியும்போதே தெரிவித்துவிடுங்கள். குடிவரவு, சுங்கச் சோதனை வரிசைகளில் நிற்கும் நேரம் பறக்கும் நேரத்தை விட அவருக்குக் கடினமாக இருக்கக்கூடும்.