பென்சிலினைவிட ஆம்போடெரிசின் சிறுநீரகத்தை ஏன் அதிகம் பாதிக்கிறது?

கேள்வி: கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆம்போடெரிசின்-பி செலுத்தும்போது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவை அடிக்கடி பரிசோதிக்கிறார்கள். பென்சிலினுக்கு அவ்வளவு கவனம் தேவைப்படுவதில்லையே, ஏன்?

மறுமொழி 1: பாக்டீரியாவின் செல்சுவரிலுள்ள பெப்டிடோகிளைக்கான் இழைகள் பிணைவதைப் பென்சிலின் தடுப்பதால், வளரும் பாக்டீரியா உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. நம் செல்களுக்குச் சுவரே இல்லை. பூஞ்சையோ நம்மைப் போலவே உட்கருவுடைய உயிரி; அதன் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பற்றும் ஆம்போடெரிசின், அதனை ஒத்த நம் கொலஸ்ட்ராலையும் ஓரளவு பற்றுவதால் சிறுநீரகச் செல்கள் சேதமடைகின்றன. லிப்போசோம் (மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழி) வடிவில் பாதிப்பு குறைவு; விலைதான் மலைக்க வைக்கும்.

மறுமொழி 2: செல்சுவரில்லாத பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவிடம் பென்சிலின் பலிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்: அப்படியானால் வைரஸுக்கு?

மறுமொழி 1: அது நம் செல்லையே சார்ந்து பெருகுவதால் இலக்குகள் குறைவு. எனினும் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதி முதல் பாஸ்பேட்டை இணைத்த பின்னரே வீரியம் பெறத் தொடங்குவதால், பெரும்பாலும் தொற்றிய செல்களுக்குள் மட்டுமே வேலை செய்கிறது.