புதுப்பிப்பு: லாரியில் ஏசி காற்று முகத்துக்கு வராத பிரச்சினை

போன வாரம் எழுதியிருந்தேன்: ஏசி போட்டால் காற்று முழுக்க முன்கண்ணாடிக்கே போகிறது, முகத்துக்கு நேரே உள்ள துவாரங்களில் லேசாகத்தான் வருகிறது. ஏசியைக் குளிரவைக்கும் கேஸ் குறைவு என்று பலர் சொன்னீர்கள். முதலில் போன பட்டறையிலும் கேஸ்தான் நிரப்பினார்கள், மாற்றமில்லை.

கேஸ் காரணமில்லை என்பதற்கு அடையாளம் கண்ணெதிரே இருந்தது. விடிகாலை சிங்கப்பூரின் மேற்கே உள்ள துவாஸுக்குப் போகும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கியது. வைப்பர் போட்டதும் தெளிந்தது. வெளியே ஈரக்காற்று, கண்ணாடியோ சில்லென்று. அப்படியென்றால் காற்று நன்றாகவே குளிர்கிறது, போகும் வழிதான் தவறு.

சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் வயரிங் பார்க்கும் அண்ணன் ஒருவர் காற்றை ஊதும் புளோவரை எல்லா வேகத்திலும் ஓடவிட்டார். அதில் கோளாறில்லை. அப்புறம் காற்றுத் திசைக் குமிழை என்னைத் திருப்பச் சொல்லி, டேஷ்போர்டுக்குக் கீழே காதை வைத்தார். டிக் டிக் என்று சத்தம். உள்ளே காற்று எந்தத் துவாரத்துக்குப் போவது என்று மாற்றும் தடுப்பைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து வழுக்கிக்கொண்டிருந்தது. மோட்டாரைக் கழற்றி, தடுப்பை விரலால் தள்ளிப் பார்த்தார், இலகுவாக நகர்ந்தது. இதைப் பார்க்காமல் மோட்டார் மாற்றாதீர்கள், தடுப்பு இறுகியிருந்தால் புதியதும் உடையும். சில லாரிகளில் மோட்டாருக்குப் பதில் கேபிள் இருக்கும். அது கழன்றால் குமிழ் தளர்ந்து சுற்றும்.

தூசி அடைத்த கேபின் ஃபில்டரையும் மாற்றினோம். இன்று மதியம் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் நின்றபோதும் முகத்துக்கு நேரே குளிர்ந்த காற்று. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.