டிரம் பிரேக் வண்டிக்கு டிஸ்க் பிரேக் முன்பக்கம் மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஊர் நாமக்கல் பக்கம். வண்டி காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350, அப்பா ஓட்டினது. முன்னால் ஏழு அங்குல டிரம், பின்னால் ஆறு அங்குலம். டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ நல்லா இருந்து கேபிளும் ஒழுங்காக இருந்தால் ஊருக்குள் ஓட்ட அது தாராளம். எனக்குக் கொல்லிமலைப் போக்குவரத்து அதிகம், பிரச்சினை அங்கேதான். எழுபது கொண்டை ஊசி வளைவு, கீழ் கியரிலேயே இறங்கினாலும் பாதி மலையில் லீவர் கிரிப்பைத் தொடுகிற அளவுக்கு உள்ளே வந்துவிடும். இது புல்லட்டின் குறை என்று நினைக்காதீங்க, டிரம் எந்த வண்டியில் இருந்தாலும் கதை இதுதான். சூடு ஏறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். டிஸ்க் சூடானால் தடித்து, அதைக் கவ்வுகிற பேடை நோக்கித்தான் வரும், காற்றும் நேராகப் படும், சீக்கிரம் ஆறிவிடும்.

எங்க ஊர் பட்டறையில் முதலில் சொன்ன யோசனை, இருக்கிற ஃபோர்க்கிலேயே (முன் சக்கரத்தைத் தாங்குகிற கால்கள்) ஒரு தகடு வெல்டு வைத்து ஏதாவது ஒரு கேலிப்பரை (பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற பாகம்) மாட்டிவிடலாம், செலவு கம்மி என்பதுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தை நிறுத்துகிற அத்தனை விசையும் கேலிப்பர் மாட்டியிருக்கிற காதில்தான் வந்து விழுகிறது. அந்த வெல்டு மலை இறக்கத்தில் விட்டால் கேலிப்பர் ஸ்போக்குக்குள் போகும், அப்புறம் பேச ஒன்றும் இல்லை.

அதனால் டிஸ்க்கோடு வந்த எலக்ட்ராவின் முன்பக்கத்தை முழு செட்டாக வாங்கினேன். 280 மிமீ டிஸ்க், இரண்டு பிஸ்டன் கேலிப்பர். சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது, பில்லும் கேட்டு வாங்கினேன் (பில் இல்லாத சாமானைத் தொடாதீங்க, திருட்டு வண்டியில் கழற்றினதாக இருந்தால் வம்பு நமக்கு). முழு செட் என்றால் வீல், ஆக்ஸில், அதன் ஸ்பேசர்கள், கேலிப்பர் காது வைத்த ஃபோர்க் கால்கள், கேலிப்பர், ஹோஸ், லீவரோடு மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது) எல்லாமே. இதில் நிறைய பேர் விட்டுவிடுவது கடைசிச் சாமானைத்தான். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனும் கேலிப்பர் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுச் செய்தவை. 14 மிமீ பிஸ்டனுக்கும் 11 மிமீ பிஸ்டனுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் பரப்பளவில் அறுபது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். பெரியது போட்டால் லீவர் கல்லு மாதிரி இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. சிறியது போட்டால் லீவர் கிரிப் வரைக்கும் வந்துவிடும்.

வாங்குகிற இடத்திலேயே பார்க்க வேண்டியவை. ஃபோர்க் பைப்பை ஒரு கண்ணாடி மேல் வைத்து உருட்டுங்க, கோணல் இருந்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். குரோம் மேல் நகத்தை ஓட்டுங்க, எங்கேயாவது நகம் மாட்டினால் அங்கே துருப் பள்ளம் இருக்கு, புது ஆயில் சீல் போட்டாலும் அது கிழித்துவிடும். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கேலிப்பர் ரப்பர் சீல்களும் ஹோஸும் கண்டிப்பாகப் புதுசு.

மாட்டின பிறகு இறக்கத்தில் ஒரே விரலில் வண்டி நிற்கிறது. மனசுக்கு எவ்வளவு நிம்மதி என்று இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

*

அண்ணே, மதுரையிலிருந்து. சித்தப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100க்கு யமஹா எஃப்இசட் முன்பக்கம் மாட்டி ஓட்டிக்கிட்டு இருக்கோம். இங்கே பையன்கள் நிறைய பேர் செய்வது இது, காரணம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், 41 மிமீ ஃபோர்க், 267 மிமீ டிஸ்க். சக்கரம் 18லிருந்து 17 அங்குலம் ஆகிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். ஆர்எக்ஸ் டயர் 2.50-18, வெளி விட்டம் 584 மிமீ சுமார் வரும். எஃப்இசட் டயர் 100/80-17, அது 592. கிட்டத்தட்ட ஒன்றேதான், உயரம் மாறாது. இதையே உங்க புல்லட்டில் செய்தால் 19 அங்குலத்திலிருந்து வருகிறதால் விட்டம் எட்டு சதவீதம் குறையும், முன்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் தாழும், ஃபோர்க் நிமிர்ந்துவிடும். திருப்பச் சுறுசுறுப்பாக இருக்கும், பைபாஸில் வேகம் போனால் ஹேண்டில் ஒரு நிலையில் நிற்காது. முன்சக்கரத்திலிருந்து கேபிள் வரும் ஸ்பீடோ வேறு கூடுதலாகக் காட்டும், நிஜமாக 60 போனால் 65 என்று.

ஆர்எக்ஸில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது வேறு. அந்த வண்டியே நூறு கிலோவைச் சுற்றித்தான், எஃப்இசட் அதைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனம். அந்தக் கனத்துக்கு வைத்த ஸ்பிரிங் இந்த வண்டியில் அமுங்குவதே இல்லை. கீழவாசல் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மணிக்கட்டில் அடி விழும். பிரேக் நல்லா பிடிக்கும், ஆனால் டயர் ரோட்டை விட்டுத் துள்ளிக்கிட்டே இருந்தால் பிடித்து என்ன பிரயோஜனம்? கடைசியில் மெலிந்த ஃபோர்க் ஆயில் ஊற்றி, ஸ்பிரிங்கையும் மாற்றின பிறகுதான் வண்டி அடங்கியது. பின்பக்கம் அகல டயர் போடச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம், 11 குதிரைத்திறன் எஞ்சின் 140 டயரை இழுத்துக்கிட்டு ஓடினால் அது ஆர்எக்ஸே இல்லை.

ஸ்டெம் (ஹேண்டில் திரும்புகிற நடுத்தண்டு) விஷயத்தில் மட்டும் விளையாடாதீங்க ப்ரோ. எஃப்இசட் அடி டி-யில் (இரண்டு ஃபோர்க் காலையும் கீழே சேர்த்துப் பிடிக்கிற பாகம்) ஆர்எக்ஸ் ஸ்டெம்மை ஏற்ற நல்ல லேத் ஆள் வேணும், இறுக்கமாக பிரஸ் பண்ணி ஏற்றணும். பொருந்தாததற்கு வெல்டு அடிக்கிற ஆளிடமிருந்து வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க. புது பால் ரேஸ் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலைத் தட்டினால் இரண்டு பக்கமும் தானாக விழணும், நடுவில் எங்கேயும் தடுக்கக் கூடாது.

*

கோயமுத்தூரிலிருந்து. தம்பிகள் இரண்டு பேரும் எழுதியதைப் படிக்க சந்தோஷமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ராஜ்தூத் 350. 1983-இல் இங்கே வந்த வண்டி, யமஹா ஆர்டி 350பி என்று முன் டிஸ்க்கோடு வந்ததை இங்கே செலவைக் குறைக்க டிரம்மாக மாற்றிக் கொடுத்தார்கள். 347 சிசி டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். பவர் பேண்டில் (எஞ்சின் முழு பலத்தையும் கொடுக்கிற சுற்று வேகத்தில்) அது பாயும்போது கையில் இருக்கும் டிரம்மை நம்பத்தான் மனம் வராது. டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங்கும் (ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிப்பது) சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது, எல்லாப் பாரமும் பிரேக் மேல்தான். அதனால் இந்த வண்டிக்கு டிஸ்க் போடுவதை மாற்றம் என்றே நான் சொல்ல மாட்டேன், அதற்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது.

கேடிஎம் டியூக்கின் தலைகீழ் ஃபோர்க்கும் நான்கு பிஸ்டன் கேலிப்பரும் மாட்டிய ஆர்டிகளைப் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு அபாரம். ஆனால் அந்தக் காலத்து ஃபிரேமின் தலைக்குழாய் (ஸ்டெம் செருகுகிற குழாய்) அவ்வளவு பிடிமானத்துக்குச் செய்தது இல்லை. ஃபோர்க் வளையாமல் நின்றால் அந்த விசை எங்கே போகும்? நேராக ஃபிரேமுக்குத்தான். அப்படிப் போட்டவர்கள் தலைக்குழாய் வெல்டு ஓரத்தில் பெயிண்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கழுவும்போதெல்லாம் பாருங்கள். நான் அதே காலத்து, அதே எடை வண்டியின் டிஸ்க் முன்பக்கம்தான் தேடிப் போட்டேன். கிடைக்க நாளாகும், ஆனால் வண்டியின் குணம் மாறாது.

*

ஆர்.சி. விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். நம்ம பழைய வண்டிகளெல்லாம் பதினைந்து வருஷம் தாண்டினவை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியே ஆகணும். அதனால் பழைய சாமானைத் தூக்கி எடைக்குப் போட்டுவிடாதீங்க. எண்ணெய் தடவி, துணி சுற்றி வையுங்க. வேலையைத் தொடுவதற்கு முன்னால் உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸிலும் வாய்விட்டுக் கேட்டுக்கோங்க, விபத்து ஆன பிறகு கேட்டால் பதில் வேற மாதிரி இருக்கும்.

இன்னொன்று, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு) வண்டி வைத்திருப்பவர்கள் வீல் சைஸில் கை வைக்கவே வேண்டாம். இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் அந்தக் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது, ஒரு பக்கம் அளவு மாறினால் அதன் கணக்கே தப்பும்.

*

மதுரை தம்பி, கோவை அண்ணன், ஆர்.சி. பற்றி எழுதினவர், எல்லாருக்கும் நன்றி. தனியாக ஒருவர் லீவர் பஞ்சு மாதிரி இருக்கே என்று கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹோஸுக்குள் காற்று இருக்கு, அவ்வளவுதான். மாஸ்டர் சிலிண்டர் மூடியில் போட்டிருக்கிற அதே டாட் எண் பிரேக் ஆயிலைப் புது டப்பாவிலிருந்து ஊற்றுங்க, திறந்து பல மாதம் கிடந்த டப்பா வேண்டாம், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். கேலிப்பர் நிப்பிளில் குமிழி நிற்கிற வரை பிளீட் பண்ணுங்க (ஆயிலோடு காற்றை வெளியேற்றுவது), நடு நடுவே ஹோஸை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்க. அதன் பிறகும் லேசாக அமுங்கினால், ராத்திரி லீவரை இழுத்து சைக்கிள் டியூப் துண்டால் கிரிப்போடு கட்டி விடுங்க. மீதிக் காற்று மேலே ஏறி வந்துவிடும், காலையில் அவிழ்த்து, மாஸ்டர் சிலிண்டரில் அளவு பார்த்து ஊற்றிக்கலாம். ஹோஸ் நீளத்தையும் ஒருமுறை பாருங்க: சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க் முழுசா நீண்டு, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பினாலும் எங்கேயும் இழுபடக் கூடாது, டயரிலும் உரசக் கூடாது.