அரசுக் கட்டடத்தில் மின்சிக்கனம்: செலவு ஒரு கணக்கில், மிச்சம் இன்னொரு கணக்கில்

பணி ஓய்வு பெற்ற மின் பொறியாளர்:

ஐந்து மாடி அரசு அலுவலகம் ஒன்றில் பழைய விளக்குகளையும் மின்விசிறிகளையும் மாற்ற மதிப்பீடு தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. விளக்கில் சிக்கல் இல்லை. சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 50 வாட் இழுத்த குழல்விளக்கின் இடத்தில் 20 வாட் எல்இடி போதும். விசிறியில்தான் கணக்கு உதைத்தது. 75 வாட் விசிறிக்குப் பதிலாக குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 28 வாட் பிஎல்டிசி விசிறி, நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 250 நாள் ஓடினால் ஆண்டுக்கு 94 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 752 ரூபாய்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைக் கழற்றிவிட்டு 3,000 ரூபாய்க்குப் புதியது மாட்டினால் போட்ட முதல் திரும்ப நான்கு ஆண்டு ஆகும். காயில் எரிந்துபோன விசிறிக்கு மாற்றாக வாங்கினாலோ, சாதாரண விசிறிக்கே 1,500 ரூபாய் ஆகும் என்பதால், கூடுதல் தொகை இரண்டு ஆண்டில் வந்துவிடும். ஆகவே பழுதாகப் பழுதாக மாற்றலாம் என்று எழுதினேன். நிதியாண்டு முடிவதற்குள் தொகை முழுவதையும் செலவிட்டாக வேண்டும் என்று பதில் வந்தது. கழற்றிய நல்ல விசிறிகள் ஏலத்துக்குக் காத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் நெடுநாள் குவிந்து கிடந்தன.

மதிப்பீட்டில் நான் கோட்டைவிட்டதும் ஒன்று உண்டு. பொய்க்கூரையைத் திறந்தபோது பழைய வயர்களின் உறை கை பட்டதும் உதிர்ந்தது. விளக்குகளின் விலையைவிட வயரிங் செலவு மிகுந்துவிட்டது.

இத்தனைக்கும் பணம் போனது நிதி ஒதுக்கீட்டில் கட்டடப் பராமரிப்புத் தலைப்பிலிருந்து. மிச்சம் சேர்ந்தது அலுவலகத்தின் மின்கட்டணத் தலைப்பில். மறு ஆண்டு அந்த ஒதுக்கீட்டை அதே அளவுக்குக் குறைத்தார்கள். அதன்பின் இதுபோன்ற அடுத்த கோப்பை நகர்த்த அங்கே எவருக்கும் ஆர்வம் இல்லாமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர்:

எங்கள் அலுவலகத்தில் மிச்சம் கணக்குக்கே வந்து சேரவில்லை. எங்களுடையதுபோன்ற உயரழுத்த இணைப்பில் யூனிட் கட்டணத்தோடு தேவைக் கட்டணமும் உண்டு. ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுத்ததாக மீட்டரில் பதிவான உச்சத் தேவை, இவ்வளவு வேண்டும் என்று முன்பே எழுதிக்கொடுத்த ஒப்பந்தத் தேவையின் 90 விழுக்காடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தேவைக் கட்டணம். எங்கள் ஒப்பந்தத் தேவை 200 கேவிஏ (இந்தத் தேவையை அளக்கும் அலகு). எல்லாக் கருவிகளையும் மாற்றியபின் மீட்டரில் 130 கேவிஏதான் பதிவானது. மின்கட்டணப் பட்டியலோ 180 கேவிஏக்கே வந்துகொண்டிருந்தது. யூனிட் குறைந்ததைக் கண்டு மகிழ்ந்த நாங்கள் பட்டியலில் அதற்கு மேலே இருந்த தேவைக் கட்டணத்தைக் கவனிக்க ஏழு மாதம் ஆயிற்று. ஒப்பந்தத் தேவையை 150 கேவிஏ ஆகக் குறைக்கக் கேட்டு ஒரே ஒரு கடிதம் எழுதினோம். அதற்குத் தம்பிடி செலவில்லை.

மத்திய அரசு அலுவலக ஊழியர்:

எங்களுடையது புதுக் கட்டடம். 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, எல்லாக் கருவிகளின் வாட்டையும் கூட்டிய இணைப்புச் சுமை 100 கிலோவாட்டைத் தொட்டால் பொருந்தும் என்றிருந்தது. வரைபடத்தில் எங்கள் சுமை 98 கிலோவாட் என்று இருந்தது. அந்த இரண்டு கிலோவாட் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. நட்சத்திரக் குறியீடு பார்த்தே குளிர்சாதனம் வாங்க வேண்டும் என்று அதே ஆண்டின் பொது நிதி விதிகள் சொல்வதால், அதை மட்டும் ஒழுங்காக வாங்கினார்கள். மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. மூன்று மணிக்குமேல் அந்த இயந்திரங்கள் ஓயாமல் ஓடுகின்றன. கண்ணாடியில் பழைய நாளிதழ்களை ஒட்டி வைத்திருக்கிறோம்.